விடுப்பில் வரும் வாப்பாவும் விடுமுறையில் இருக்கும் பிள்ளையும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து புத்தகப் பைகள் பரணுக்குப் போய்விட்டன. காலையில் மதரஸா விட்டு வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "இன்று எங்கே போகலாம்?" என்பதாகத்தான் இருக்கிறது. இதே நாட்களில் நம் வீடுகள் பலவற்றில் இன்னொரு விடுமுறையும் தொடங்குகிறது. துபாயிலும் தம்மாமிலும் குவைத்திலும் பணிபுரியும் வாப்பாமார்கள், பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டியே விடுப்புக் கேட்டு ஊர் வருகிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டிற்கு 30 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. வரும் நாள், போகும் நாள் இரண்டையும் கழியுங்கள். உறவினர் வீட்டு விருந்துகள், திருமணங்கள், தாம் இல்லாதபோது மௌத்தானவர்களின் வீடுகளுக்குச் சென்று ஆறுதல் கூறல், வங்கி, பத்திரப் பதிவு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கொத்தனாரோடு வழக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். பிள்ளைக்கென்று மிஞ்சுபவை எத்தனை நாட்கள்? அந்தச் சில நாட்களை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் தம்பி இரண்டாண்டுகளுக்குப் பிறகு மே மாதத்தில் விடுப்பில் வந்தான். அவன் மகனுக்கு அப்போது நான்கு வயது. கைப்பேசித் திரையில் நாள்தோறும் "வாப்பா, வாப்பா" என்று கொஞ்சிய பிள்ளை, நேரில் வந்து நின்ற மனிதரைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். தம்பி சிரித்துச் சமாளித்தான். ஆனாலும் அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன். பிள்ளையின் மனத்தை ஒரே நாளில் வென்றுவிட வேண்டும் என்று எண்ணினானோ என்னவோ, மூன்றாம் நாளே குற்றாலத்திற்கு வேன் பேசிவிட்டான். மேலப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரியவர்கள் பன்னிரண்டு பேர், பிள்ளைகள் ஐவர்.

வீட்டுப் பெண்கள் பின்னிரவு இரண்டு மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்தார்கள். நெய்ச்சோறு, கறி, பொரித்த கோழி, கைக்குழந்தைக்குத் தனியாகக் கஞ்சி, மாற்றுடைகள், பாய், தண்ணீர்க் குடம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டபோதே தம்பியின் மனைவிக்கு ஒரு நாள் வேலை முடிந்திருந்தது. அங்கு போய்ச் சேர்ந்தால் பாறையில் நூல் பிடித்தாற்போல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இது அருவியின் குற்றமன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகே, அதாவது ஆனி, ஆடி மாதங்களில்தான் குற்றாலத்தில் சாரல் காலம். பள்ளிகளோ ஜூனில் திறந்துவிடுகின்றன. ஆகவே மே மாதத்தில் அருவியைத் தேடிச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கூட்டத்தையும் குரங்குகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன.

அன்று நண்பகலில் பிள்ளை காணாமற் போனான்.

கால் மணி நேரம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. வாப்பாவோடு இருக்கிறான் என்று உம்மா நினைத்திருந்தாள். உம்மாவிடம் இருக்கிறான் என்று வாப்பா நினைத்திருந்தான். பன்னிரண்டு பெரியவர்களும் மற்றப் பதினொருவரை நம்பியிருந்தோம். இறுதியில் அல்லாஹ்வின் கிருபையால், பழக்கடை ஒன்றின் ஓரத்தில் கொய்யாப் பழத்தோடு நின்றவனைக் கண்டுபிடித்தோம். தம்பி இரு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினான். பிள்ளை அவனைக் கடந்து சென்று, பின்னால் வந்த தன் தாய்மாமனின் காலைக் கட்டிக்கொண்டான்.

வேனில் திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. கொண்டுபோன பைகளுக்குக் காவலாகப் பகல் முழுதும் பாயிலேயே அமர்ந்திருந்த தம்பியின் மனைவி, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அருவி எந்தப் பக்கம் இருந்தது, மைனி?"

சகோதரிகளே! இந்தக் கேள்வி உங்களில் எத்தனை பேருக்குச் சொந்தமானது என்பதை நான் அறிவேன்.

தாய்மாமன் அந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன செய்துவிட்டார்? எதுவும் பெரிதாகச் செய்யவில்லை. நாள்தோறும் அஸருக்குப் பின் தெருமுனை வரை கைபிடித்து அழைத்துச் செல்வார். ஒரு நாள் கடலை மிட்டாய், ஒரு நாள் வெறும் வேடிக்கை. சிறு குழந்தையின் அன்பு இப்படித்தான் சேர்கிறது. ஒரு பெரிய பயணத்தின் செலவைப் பிள்ளை அறியாது. நேற்று வந்தவர் இன்றும் வந்தாரா என்பதை மட்டுமே அது கணக்கில் வைத்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்துபோனது. அந்தப் பறவையைப் பற்றிப் பிள்ளையிடம் பரிவோடு விசாரிக்க அண்ணலாருக்கு நேரம் இருந்தது. தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதிருக்கிறார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கியிருக்கிறார்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும் நாம் அறிந்த செய்திதான். பயணத்தில் மனைவிக்கும் மகிழ்ச்சியில் பங்குண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நம் வீட்டு ஆண்கள் பலர் இந்த ஹதீஸை மேடையில் கேட்டுத் தலையசைக்கிறார்கள். சுற்றுலாப் பாயில் அமர்ந்ததும் "தேநீர் எங்கே?" என்கிறார்கள்!

குற்றாலத்திலிருந்து வந்த மறுநாள் நானும் தம்பியும் உட்கார்ந்து பேசினோம். மிஞ்சிய விடுப்பு நாட்களில் பெரிய பயணம் எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. நாள்தோறும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு. வாரத்தில் ஒரு நாள், அருகில் உள்ள ஓரிடம். சமையல் கிடையாது, இட்லியோ இடியாப்பமோ எலுமிச்சைச் சோறோ போதும். கைப்பேசி தம்பியின் மனைவியிடம் இருக்கும். படம் பிடிக்க வேண்டுமானால் அவள் பிடிப்பாள். பிள்ளையைப் பிடிப்பது தம்பியின் வேலை.

முதல் வாரம் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்திற்குப் போனோம். 1987ஆம் ஆண்டு தாமிரபரணிக் கரையில் தொடங்கப்பட்ட இம்மையத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்த்ததில்லை. பிள்ளைகள் தாமே தொட்டு இயக்கிப் பார்க்கும் பொருட்கள் அங்கே உண்டு. 'தொடாதே' என்று சொல்லாத இடம் சிறுவர்களுக்குச் சொர்க்கம்.

அடுத்தது பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் இருக்கிறது. அங்குப் பாய் நெய்வோரில் பெரும்பாலோர் நம் சமுதாயக் குடும்பத்தினர். அதிலும் பெண்களே மிகுதி. ஆற்றோரத்தில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். மிக நுண்ணிய பாயைத் துணிபோல் மடித்துவிடலாம். 2013ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மணமக்களின் பெயர்களை இழையிலேயே நெய்து தருவது அங்கு நெடுநாள் வழக்கம். ஒரு மூதாட்டி தறியருகே பிள்ளையை அழைத்து, ஒரே ஒரு கோரையை அவன் கையால் கோக்க வைத்தார். பிறகு ஒரு வாரம் அவன் வீட்டில் துடைப்பக் குச்சி எதையும் விட்டுவைக்கவில்லை. தம்பியின் மனைவியோ தன் திருமணப் பாயில் இருந்த எழுத்துகளைப் பற்றி அந்த மூதாட்டியோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, காயல்பட்டினம். வேன் வேண்டாம் என்று திருச்செந்தூர் செல்லும் பாசஞ்சர் ரயிலில் சென்றோம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று ஒவ்வொரு நிலையத்தையும் தம்பி எழுத்துக் கூட்டிச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வாப்பாவின் மடியில் சன்னலோரம். கடற்கரையை விட அந்தச் சன்னல்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். அஸருக்குப் பின் ஊர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரை மணலில் வந்து அமர்வது அவ்வூரின் அழகிய வழக்கம். அங்கே என் பள்ளித் தோழியின் வீடு இருந்ததால் இரவு தங்கிக் காலையில் திரும்பினோம்.

தொழுகை பற்றி ஒரு வார்த்தை. காயல்பட்டினத்தில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் இருப்பதால் எங்களுக்குச் சிரமம் ஏற்படவில்லை. ஆனால் நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஆண்கள் தொழுதுவிட்டு வரும்வரை பெண்கள் வண்டியிலேயே காத்திருக்கும் நிலைதான் உள்ளது. ஒளூச் செய்யத் தண்ணீரும் ஒரு மறைப்பும் இருந்தால் போதும், பெரிய செலவில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். அதுவரை ஒரு முஸல்லாவும் ஒரு குவளைத் தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும்.

இனி, தாய்மார்கள் அவசியம் மனத்திற்கொள்ள வேண்டிய சில செய்திகள். கத்திரி வெயில் மே 4 அளவில் தொடங்கி 28 வரை நீடிக்கிறது. இந்நாட்களில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை சிறு குழந்தைகளை வெயிலில் கொண்டுசெல்லாதீர்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தாகம் என்று எண்ணித் தண்ணீர் புகட்ட வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு நுங்கும் இளநீரும் இருக்க, வண்ண வண்ணக் குளிர்பானங்கள் எதற்கு? நிறுத்தி வைத்த வண்டிக்குள் உறங்கும் குழந்தையை "இதோ வருகிறேன்" என்று விட்டுச் செல்வது பெரும் ஆபத்து. மூடிய வண்டிக்குள் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும்.

நீர்நிலைகளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். கீழே வெயிலடித்தாலும் மேலே மலையில் பெய்யும் மழை சில நொடிகளில் அருவியை மாற்றிவிடும். தண்ணீர் கலங்கி வந்தாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ கேள்வி கேட்காமல் கரையேறுங்கள். நீரில் மூழ்கும் பிள்ளை கைதட்டிக் கூச்சலிடும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்கிவிடும். ஆகவே, எத்தனை பெரியவர்கள் வந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொறுப்பை மாற்றும்போது, "இனி நீங்கள் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இருள் கவியும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். மக்ரிபு நேரத்துக் கடற்கரைக் கூட்டத்தில்தான் பிள்ளைகள் எளிதில் கைநழுவுகிறார்கள்.

இவ்வளவும் செய்தால் பிள்ளை ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. பத்தமடைக்குப் போன அன்றுகூட உறக்கம் வந்ததும் மாமாவைத்தான் தேடினான். காயல்பட்டினத்திலிருந்து திரும்பிய பிறகே, ஒரு நாள் அஸர் பாங்கு சொன்னதும் வாப்பாவின் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டான். அப்போது தம்பிக்கு ஊரில் இருக்க ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. அந்த ஒன்பது நாளும் விருந்தழைப்புகளை எல்லாம் இரவு நேரத்திற்கு மாற்றிவிட்டான். சிலருக்கு வருத்தம்தான்.

இவ்வாண்டு அவன் கோடையில் வரவில்லை. பொங்கலை ஒட்டி வர விடுப்புக் கேட்டிருக்கிறான். பள்ளிக்குச் சில நாட்கள்தான் விடுமுறை, அதனாலென்ன? நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்தில் அப்போது வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும். இமயத்திற்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகளைக் குளத்திலே பார்க்கலாம். ஊர் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு அவ்வூர் மக்களே பரம்பரையாகக் காவல். மேலப்பாளையத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். பிள்ளை இப்போதே, அந்த வாத்தும் விமானத்தில்தான் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வாப்பா வந்து சொல்லட்டும், இன்ஷா அல்லாஹ்.