பெட்டியில் இருக்கும் பிறர் பணம்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே புடைவைக் கடை நடத்தும் வணிகரொருவரின் பணப்பெட்டியில் இருப்பதெல்லாம் அவருடைய பணமன்று. அவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவராயின், அதில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு உரியது. அப்பங்கைத் திரட்டிக் கொடுப்பது மாத்திரமே அவர் கடமை.

இவ்வரி 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. வரிக்குப் பதிவு செய்த ஒருவரிடம் 7,000 ரூபா பெறுமதிக்கு வாங்கிய சேலையை, வணிகர் 10,000 ரூபா பெறுமதிக்கு விற்கிறார் எனக் கொள்க. 2024 ஜனவரியில் விதிக்கப்பட்ட 18 வீதப்படி, அவர் வாடிக்கையாளரிடம் பெறும் வரி 1,800 ரூபா. கொள்முதலின்போது தாம் கொடுத்த 1,260 ரூபாவைக் கழித்து, எஞ்சிய 540 ரூபாவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துதல் வேண்டும். 2019 டிசம்பரில் வீதம் 8 ஆகக் குறைக்கப்பட்ட காலத்தில் இத்தொகை 240 ரூபாவாகவே இருந்தது. வீதம் உயர்ந்ததும், வணிகர் கையில் தங்கும் பிறர் பணமும் பெருகியது.

இடர் இங்கேதான் தொடங்குகிறது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் போதாத மாதத்தில், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பங்கும் செலவாகிவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்பவரின் நிலை இன்னுங் கடினமானது. சரக்கைக் கடனுக்குக் கொடுத்தாலும், விலைப்பட்டியல் எழுதியவுடனேயே வரிப் பொறுப்பு ஏற்பட்டுவிடும். கடன் வாங்கியவர் பணந் தரும்வரை சட்டம் காத்திருப்பதில்லை.

குறித்த நாள் கடந்தால் தண்டப்பணம் சேரும். அதன் பின்னரும் செலுத்தாதவரின் வங்கிக்கு ஆணையாளர் நாயகம் அறிவித்தல் அனுப்பி, அவர் கணக்கிலுள்ள பணத்தைப் பெறலாம். அவருக்குக் கடன்பட்டவர்களையும், அப்பணத்தைத் திணைக்களத்துக்கே செலுத்துமாறு பணிக்கலாம். பொருள்களைக் கைப்பற்றி விற்கவும், நீதவான் மன்றத்தின் மூலம் அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. இவற்றுள் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் செல்லும் அறிவித்தலே வணிகரைப் பெரிதும் வாட்டும். பணத்தோடு நாணயமும் போய்விடுமல்லவா?

ஆயினும் சட்டம் முழுவதும் கடுமையன்று. 1932ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு இலங்கையில் தொடங்கிய வருமான வரி, 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி அறவிடப்படுகிறது. தகுந்த காரணங் காட்டி எழுத்தில் விண்ணப்பிப்பவருக்குத் தவணை முறையில் செலுத்த அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. தவணை தள்ளுபடியன்று, மூச்சுவிட ஓர் அவகாசம்.

ஆகவே, கையில் பணமில்லை என்பதற்காகக் கணக்கைக் கொடாதிருப்பது பெருந் தவறு. கணக்கை உரிய நாளில் ஒப்படைத்து, முடிந்ததைச் செலுத்தி, மீதிக்கு அவகாசங் கேட்பவரே கடையைக் காத்துக்கொள்கிறார். வரிப் பங்கை அன்றன்றே வேறு கணக்கில் ஒதுக்கி வைப்பவருக்கோ அந்த அவகாசமும் தேவைப்படுவதில்லை.