எல்லையில் ஓர் அணைசுவர்: கட்ட வேண்டியவர் யார்?

மலைநாட்டில் சமதரையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுபவர் பின்பக்க மேட்டை வெட்டுகிறார். அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டி நிரப்புகிறார். ஒரு வீட்டுக்காக இரண்டு எல்லைகள் பலவீனமாகின்றன. மேல்காணிக்கு அடியில் இருந்த தாங்கல் போய்விடுகிறது. கீழ்வீட்டின் கூரை மட்டத்தில் புதுமண் வந்து நிற்கிறது. மழைக்காலம் தொடங்கியதும், அணைசுவரை யார் கட்டுவது என்ற சச்சரவும் தொடங்குகிறது.

"மண் மேல்காணிக்காரருடையது, ஆகவே சுவரும் அவர் பொறுப்பு" என்று நம் மக்களிடையே ஓர் எண்ணம் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு காணிக்கும் பக்கத்துக் காணியின் தாங்கலைப் பெறும் இயற்கை உரிமை உண்டு. கீழே இருப்பவர் தம் பக்கத்தை வெட்டியதால் மேல்காணி சரியுமானால், வெட்டியவரே பதில் சொல்ல வேண்டும். அதுபோலவே, மேலே இருப்பவர் மண் நிரப்பி உயர்த்தினால், அந்த மண் கீழே இறங்காமல் காப்பது அவருடைய கடமை. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நிலத்தின் இயற்கையான சரிவை மாற்றியவர் யார்? ஆனால் இந்த உரிமை நிலத்துக்கு உரியது. மேலே எழுப்பிய மாடிவீட்டின் பாரத்தையும் சேர்த்து உரிமை கேட்டால் விடயம் சிக்கலாகும்; அங்கே சட்டத்தரணியின் ஆலோசனை அவசியம்.

தண்ணீருக்கும் இதே நியாயந்தான். இயற்கையாக வழிந்து வரும் மழைநீரைக் கீழ்க்காணி ஏற்றாக வேண்டும். கூரைப் பீலியின் நீரையும் குளியலறை நீரையும் ஒரே குழாயில் சேர்த்து அயலவர் மண்மேட்டில் விடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது அனுமதி. சுவர்தானே, வீடு இல்லையே என்று பலர் பிரதேச சபைப் பக்கமே போவதில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் நடைமுறையில் உள்ள பிரதேசங்களில், கட்டிடம் எழுப்புவது மட்டுமன்றி, நிலத்தின் மேலும் கீழும் செய்யப்படும் பொறியியல் வேலைகளும் அபிவிருத்தி வேலையாகவே கொள்ளப்படும். மண் வெட்டுவதும் அணைசுவர் கட்டுவதும் அதற்குள் அடங்கும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011ஆம் ஆண்டு முதல், கட்டிட அனுமதிக்கு முன்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கோரப்படுகிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி ஆகியவை இவற்றில் அடங்கும். பெக்கோ இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மேட்டை வெட்டிய பிறகு இந்த அறிக்கைக்குப் போவது, நோயாளி இறந்த பின் மருந்து தேடுவது போன்றது.

சுவரை எல்லைக் கோட்டில் எங்கே வைப்பது? இதில்தான் அயலவர் பகை முளைக்கிறது. தன் பாரத்தாலேயே மண்ணைத் தாங்கும் கருங்கற் சுவருக்கு, அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 10 அடிச் சுவருக்கு 5 அல்லது 6 அடி அகல அத்திவாரம் வேண்டும் என்பதை மேசன்மார் அறிவர். பணம் கொடுக்கிறவர்தான் அதைக் கேட்டுத் திகைக்கிறார். முகத்தை எல்லையில் வைத்து அத்திவாரத்தை அயலவர் காணிக்குள் இறக்கினால் அது அத்துமீறல். ஆகவே நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களை உறுதிசெய்து, அத்திவாரம் முழுவதும் தம் காணிக்குள் அடங்கும்படி கட்ட வேண்டும். இருவரும் செலவைப் பகிர்ந்து பொதுச்சுவராகக் கட்டுவதும் நல்லதே. ஆனால் காணி உரிமை பற்றிய வாய்ப்பேச்சு செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டக் காணியில் குடியிருப்போர் முதலில் தோட்ட நிருவாகத்தின் எழுத்து மூல அனுமதியைப் பெறுவது நல்லது.

கட்டும் முறையிலும் ஒரு சொல். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால், மண் அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே 5 அடிச் சுவர் கட்டிய அனுபவத்தில் 10 அடிச் சுவரைக் கட்டக்கூடாது. அதற்குப் பொறியியலாளர் வேண்டும். மழைக்காலத்தில் விழும் சுவர்கள் பலவற்றை வீழ்த்துவது பின்னால் தேங்கும் நீர். சுவரின் பின்புறம் சல்லி நிரப்பி, 4 அல்லது 5 அடிக்கு ஒன்றாகக் குழாய்த் துண்டுகள் வைத்து நீரை வெளியேற்ற வேண்டும். வெளியேறும் நீரைக் கான் வெட்டி ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். சிலர் சுவர் அசிங்கமாகிறது என்று இத்துளைகளைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறார்கள்!

பிணக்கு ஏற்பட்டால் முதலில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். கைகலப்பு வரை போனால் பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கிடைக்கும் கட்டளை உடைமையைத் தற்காலிகமாக நிலைநிறுத்துமேயன்றி, எல்லை யாருடையது என்பதைத் தீர்க்காது.

எல்லைச் சுவர் மலை சரிவதைத் தடுக்காது என்பதையும் மறக்கலாகாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் இறங்கிய மண் லயன்களையே மூடியது. சுவர் வயிறு தள்ளினாலோ, மேல்காணியில் வெடிப்புக் கண்டாலோ, துளைகளில் கலங்கல் நீர் வந்தாலோ, வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரு வீட்டாரும் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 இலக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும். நேரான பக்கமுள்ள ஒரு வெற்றுத் தகரப்பேணியை முற்றத்தில் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 3 அங்குலம் நிரம்பினால் விழிப்பாயிருங்கள். 4 அங்குலமானால் ஆயத்தமாகுங்கள். 6 அங்குலத்தை எட்டும்வரை காத்திராமல் புறப்பட்டுவிடுங்கள்.