சும்மா இருக்கும் பேட்டரி

பாரிஸ் மாநகரத்தின் வடபாகத்தில், இன்று தமிழர் கடைகளும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் நிறைந்து விளங்கும் லா ஷப்பல் என்னும் பகுதி, 1859-ஆம் ஆண்டின் முடிவு வரையில் நகர எல்லைக்கு வெளியே தனக்கென ஒரு நிர்வாகத்தோடு இருந்த சிற்றூராகும். 1860 ஜனவரி முதல் தேதி அவ்வூர் தலைநகரோடு சேர்க்கப்பட்டது. அதே 1860-இல்தான், லா ஷப்பலிலிருந்து தெற்கு நோக்கி அரைமணி நேரம் நடந்தால் எட்டிவிடக்கூடிய ஆர் ஏ மெத்தியே தொழிற்கலைக் கூடத்தில் உதவியாளராயிருந்து பௌதிகம் பயின்ற காஸ்தோன் பிளாந்தே என்பவர், ஒன்பது கலங்கள் கொண்ட நூதனமான பேட்டரி ஒன்றைப் பிரெஞ்சு விஞ்ஞான அகாதெமியின் முன் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கு மோட்டார் வண்டிகளிலும், நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழேயும், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தைச் சுமந்து செல்லும் கேரவன் வண்டிகளிலும் இருந்து உழைக்கும் ஈய பேட்டரிக்கு அதுவே மூலபுருஷன்.

பிளாந்தே செய்த காரியம் பார்வைக்கு மிக எளியது. மெல்லிய ஈயத் தகடுகள் இரண்டை, ஒன்றையொன்று தொடாதபடி இடையே ரப்பர் பட்டைகளை வைத்துச் சுருளாகச் சுற்றி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அதற்கு முன்னிருந்த மின்கலங்கள் உள்ளிருக்கும் சரக்குத் தீர்ந்ததும் ஆயுள் முடிந்தவை. பிளாந்தேயின் கலமோ, ஓய்ந்தபின் மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் மீண்டும் பழைய ஸ்திதியை அடையும் வல்லமை பெற்றிருந்தது. ஆயினும் மின்சாரத்தை ஏராளமாக உண்டாக்கும் யந்திரம் அக்காலத்தில் இல்லாமையால், 1871-இல் செனோப் கிராம் தமது டைனமோவை அதே அகாதெமியில் காட்டிய பிறகும், 1881-இல் கமீய் ஃபோர் ஈய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டின்மேல் பூசும் முறையைக் கையாண்ட பிறகுமே, அது ஆய்வுக்கூடத்தை விட்டு வீதிக்கு வந்தது. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிஸுக்கு அருகிலுள்ள ஆஷேரில் கமீய் ஜெனாட்சி என்பவர் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிச் சாதனை புரிந்த மோட்டார் வண்டி, பெட்ரோலின் உதவியின்றி இந்த ஈய பேட்டரிகளைக் கொண்டே ஓடியது.

இத்தகைய பேட்டரி ஒன்றையும், அதன் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டு உபயோகத்துக்குரிய 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரையும் தாங்கிய கேரவன், பிரான்ஸ் தேசத்தில் ஆண்டின் பாதி நாட்களைச் சும்மா நின்றே கழிக்கிறது. பொதுவீதியில் ஒரே இடத்தில் ஏழு நாட்களுக்கு மேல் எந்த வண்டியையும் விட்டுவைப்பதை அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டம் அனுமதிப்பதில்லை. லா ஷப்பல் போன்ற நெருக்கமான பேட்டைகளில் சொந்த முற்றம் என்பதும் அபூர்வம். ஆகையால் அக்டோபர் கழிந்ததும், நகரத்துக்கு வெளியே ஏதேனும் ஒரு பண்ணையின் கொட்டகையில் வாடகைக்கு இடம் பிடித்து, வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, மார்ச் மாதம் வரையில் அதை மறந்துவிடுவதே வழக்கம். அந்த மறதியில்தான் பேட்டரிகள் மாள்கின்றன.

தமிழருக்கு இன்வெர்ட்டர் புதிய வஸ்து அன்று. மின்வெட்டு நாட்களில் அதன் தயவால் மின்விசிறி சுழலக் கண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 1990-களின் யுத்த காலத்தில், மின்சாரம் அற்றுப்போய், பேட்டரியும் மண்ணெண்ணெயும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி மிதிகட்டையைச் சுழற்றி அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்ட தலைமுறையினர் பலர் இன்று இதே லா ஷப்பலில் கடை வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரைப் பழகிய பழக்கமே கேரவன் விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். வீட்டில் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் பேட்டரி தானாகவே நிரம்பிக்கொண்டிருப்பதால், அதை நாம் கவனியாமல் விட்டாலும் பெரிய கேடு விளைவதில்லை; கொட்டகையில் பூட்டப்பட்ட வண்டிக்கோ எடுப்பார் உண்டு, கொடுப்பார் இல்லை.

எடுப்பவர் யார் என்று விசாரித்தால், முதற்குற்றவாளி இன்வெர்ட்டரே. ஒரு விளக்கும் எரியாத வேளையிலும், சுவிட்ச் மட்டும் போட்டபடியே விடப்பட்ட பெரிய இன்வெர்ட்டர், தன் உள்ளுறுப்புகளை விழிப்பாக வைத்திருப்பதற்கென்றே சுமார் ஓர் ஆம்பியர் வரையில் இழுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி என்று கணக்கிட்டால், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஐந்தாம் நாளைத் தாண்டாது. பேட்டரி தாழ்ந்தால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுமே என்று சிலர் சமாதானம் சொல்லுவதுண்டு. பல இன்வெர்ட்டர்கள் நிற்பது 10.5 வோல்ட் அளவில். ஈய பேட்டரி அந்நிலையை அடையும்போது முற்றிலும் வெறுமையாகிவிட்டது என்றே பொருள். இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டாலும், காஸ் கசிவு அறிவிப்பான், வானொலியின் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி ஆகியவை, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் மூடாமல் விட்ட குழாயைப் போல, இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியரே இழுத்தாலும், மாதம் ஒன்றுக்கு அது 36 ஆம்பியர்-மணி ஆகிறது. கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டாலும் கூட, பேட்டரி தன் சுபாவத்தினாலேயே மாதந்தோறும் நூற்றுக்குச் சில பங்கு இழக்கும். குளிர்ச்சியில் ரசாயன மாற்றங்கள் மந்தப்படுவதால், அந்த இழப்பு மட்டும் கோடையைவிடக் குளிர்காலத்தில் குறைவு.

வெறுமையாய்க் கிடப்பதனால் என்ன கேடு என்றால், கேடு இரண்டு. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளின் மீதும் ஈய சல்ஃபேட் படிகிறது; உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துபோகும்; வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, அது பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரைய மறுத்து, பேட்டரியின் கொள்ளளவைச் சுருக்கிவிடுகிறது. மற்றொன்று உறைதல். முழுதும் நிரம்பிய பேட்டரியில் அமிலத்தின் செறிவு மிகுதியாகையால், பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி உஷ்ணநிலையிலும் அது உறைவதில்லை. வெறுமையான பேட்டரியிலோ அமிலம் தகடுகளில் சேர்ந்துவிட, எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீரே ஆகையால், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குள்ளாகவே அது பனிக்கட்டியாகி, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடக்கூடும். பாரிஸின் மோன்சூரி பூங்காவில் 1879 டிசம்பர் 10 அன்று பதிவான −23.9 டிகிரிக் குளிரையும் நிரம்பிய பேட்டரி ஒன்று தாங்கியிருக்கும். வெறும் பேட்டரிக்கு நகர்ப்புறத்தின் ஒரு சாதாரண உறைபனி இரவே எமனாகலாம். குளிருக்கு அஞ்சுவதைக் காட்டிலும் வெறுமைக்கு அஞ்சுவதே விவேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

செய்ய வேண்டியவை சிரமமானவை அல்ல. வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோகுமுன் பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்ய வேண்டும். மூடி திறக்கக்கூடிய வகையாயின், சார்ஜ் முடிந்தபின் காய்ச்சி வடித்த நீரை உரிய மட்டம் வரை வார்க்க வேண்டும். இன்வெர்ட்டரின் சுவிட்சை நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பியையும் பின்னர் நேர்முனைக் கம்பியையும் கழற்றினால், சொட்டும் குழாய்கள் அனைத்தும் ஒருங்கே அடைபடும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் வோல்ட்மீட்டர் 12.7 காட்டினால் அது நிறைவு, 12.4-க்குக் கீழே இறங்கினால் மறுபடியும் சார்ஜ் செய்ய வேண்டும். 12-க்குக் கீழே போனால் ஆபத்து. கொட்டகையில் மின்சாரம் இருந்தால், நிறைந்தபின் தானே தணிந்து காக்கும் பராமரிப்பு சார்ஜரைப் பொருத்தலாம். கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்ற தைரியம் வெயில் நுழையாத கொட்டகைக்குள் உதவாது. பேட்டரியை வீட்டுக்கே எடுத்துவருவதும் நல்லதே. ஆனால் இருபத்தைந்து கிலோ எடையுள்ள பண்டத்தை, லிஃப்ட் இல்லாத பழைய பாரிஸ் மாடிவீடுகளின் ஐந்தாம் தளத்துக்கு ஏற்றுவது யாவருக்கும் சாத்தியமாகாது. எங்கே சார்ஜ் செய்தாலும் காற்றோட்டம் அவசியம். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது.

அண்மைக் காலத்தில் பலர் பொருத்திக்கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத் தர்மம் வேறு. அதற்கு நிறைவும் வெறுமையும் ஒருங்கே ஆகாதவை. பாதிக்குச் சற்று மேலாகச் சார்ஜ் வைத்துக் கம்பிகளைக் கழற்றிவிட்டால், குளிர்காலத்தை எளிதில் கடந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் அது மின்சாரத்தைக் கொடுக்கும். ஆனால் அந்நிலையில் அதைச் சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே உலோகமாகவே படிந்து நிரந்தரமான சேதத்தை விளைவிக்கும். ஈயத்துக்கு ஏற்ற பராமரிப்பு சார்ஜரை லித்தியத்துக்கும் மாட்டிவிட்டுப் போவது, உபகாரம் என்றெண்ணிச் செய்யும் அபகாரமே.

இன்வெர்ட்டருக்குக் குளிரைவிட ஈரமே பகை. கதவடைத்த வண்டிக்குள் இரவில் நீராவி பனித்துளியாய்ப் படிந்தால், மின்சுற்றுகளில் துருவேறும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் பொருளை வண்டிக்குள் வைத்து, காற்று வழிகளை அடைக்காமல் விடுவது நலம். வசந்தகாலத்தில் மறுபடி இணைக்கும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் மாட்ட வேண்டும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் காலியாயிருப்பதால், கடைசிக் கம்பி தொடும் கணத்தில் பொறி பறப்பது இயல்பே. சார்ஜ் செய்தவுடனே அதே இடத்தில் மாட்டாமல், ஹைட்ரஜன் கலைய விட்டுப் பின்பு மாட்டுவதற்குக் காரணமும் அந்தப் பொறியே.

எஞ்சுவது ஞாபகம் ஒன்றுதான். மாதத்துக்கு ஒருமுறை வோல்ட்மீட்டரோடு போய்ப் பார்த்துவர வேண்டும் என்ற நியமத்தைக் கைக்கொள்ளுவோர் குறைவு. ஆனால் பஜோல் தெருவிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குச் சங்கடஹர சதுர்த்திதோறும் தவறாமல் போகிறவர்களுக்கு, நாள் குறித்துக்கொள்ளும் தொல்லையே இல்லை. பௌர்ணமிக்குப் பின்வரும் நான்காம் நாளைக் கணக்காகக் கொண்டால், நவம்பரிலிருந்து மார்ச் வரையில் ஏறத்தாழ ஐந்து முறை பேட்டரியைப் பார்த்தாகிவிடும். ஒவ்வொரு முறையும் காட்டிய வோல்ட் அளவைப் பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்தால், எந்த மாதத்தில் அது வழக்கத்துக்கு மாறாக இறங்குகிறது என்பதும், அதனால் ஏதேனும் ஒரு கம்பி இன்னும் கழற்றப்படாமல் இருக்கக்கூடும் என்பதும் தானே விளங்கும்.