அழுதபடியே மூச்சு நின்று நீலமாகும் பிள்ளை

கையிலிருந்த ரிமோட்டை யாரோ பிடுங்குகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை வீறிட்டு ஓர் அழுகை அழுகிறது. வாய் திறந்தது திறந்தபடி நிற்க, சத்தம் மட்டும் வரவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது, கண் செருகுகிறது, உடம்பு துவண்டு சரிகிறது. சில பிள்ளைகளுக்குக் கை கால் விறைத்து இரண்டு மூன்று தடவை வெட்டிக்கூட இழுக்கும். அரை நிமிடம் போனால் ஒரு பெரிய மூச்சு, கொஞ்சம் சிணுங்கல், அவ்வளவுதான். அதற்குள் ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்திருப்பார், ஒருவர் வாய்க்குள் ஸ்பூனை நுழைத்திருப்பார், இன்னொருவர் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார். பாட்டி குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்திருப்பார்.

எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பிள்ளை எழுந்துவிடும். கடைசியாக யார் என்ன செய்தாரோ அதற்கே பெயர் கிடைக்கிறது. சாவிக்கொத்து இத்தனை தலைமுறையாக மரியாதையோடு இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

‘ப்ரெத் ஹோல்டிங் ஸ்பெல்’ என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லும் இது, நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு வரை வரக்கூடியது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும். ஐந்தாறு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும். சில வீடுகளில் பெற்றோரில் ஒருவருக்கும் சின்ன வயதில் இப்படி இருந்திருக்கும். பாட்டியிடம் கேட்டால், “உங்கப்பனும் இப்படித்தான் மூச்சடைச்சு அழுவான்” என்பார். பிள்ளை அடம்பிடித்து மூச்சை அடக்குவதில்லை. அழுகையின் உச்சத்தில் மூச்சு முழுக்க வெளியே போய்விடுகிறது. அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும் அனிச்சைச் செயல் சில நொடி தடைப்படுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, பிள்ளை மயங்குகிறது. மயங்கியதும் மூச்சு தானாகத் திரும்புகிறது.

இன்னொரு வகையும் உண்டு. பின்மண்டையில் சின்ன அடி, திடீர்ப் பயம்; அழுகைகூட இருக்காது, பிள்ளை வெள்ளைத்தாளாக வெளிறிச் சாயும். இதில் முதலில் மந்தமாவது இதயத் துடிப்பு; சில நொடி நின்றுகூடப் போகலாம். இந்த வகைப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்தபின் ஊசியைப் பார்த்தோ, வெயிலில் வெகுநேரம் நின்றோ மயங்கி விழுபவர்களாக இருப்பார்கள்.

வீட்டில் எல்லோரும் பயப்படுவது ‘ஃபிட்ஸ்’ என்றுதான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: முதலில் என்ன நடந்தது? இங்கே அழுகை, அடி, பயம் என்று ஒரு காரணம் கட்டாயம் முன்னால் இருக்கும். நிறம் மாறும், பிறகுதான் மயக்கம். வலிப்பு காரணமில்லாமலும் வரும், தூக்கத்திலும் வரும். முடிந்தபின் பிள்ளை வெகுநேரம் சோர்ந்து தூங்கும். பக்கத்தில் இருந்தவர் செல்போனில் எடுத்த இருபது நொடி வீடியோ, பல சமயம் இ.இ.ஜி. அறிக்கையைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அந்த அரை நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலை இடிக்கும் பொருட்களை நகர்த்துங்கள். தோளில் நிமிர்த்தித் தூக்க வேண்டாம். படுத்திருந்தால்தான் மூளைக்கு ரத்தம் சுலபமாகப் போகும். வாய்க்குள் விரலோ ஸ்பூனோ கூடாது. பிடித்து உலுக்கவே கூடாது. உலுக்கினால் பிஞ்சு மூளைக்குள் ரத்தம் கசியலாம், அதுதான் இங்கே நிஜமான ஆபத்து. நிலக்கடலையோ மிக்சரோ மென்றுகொண்டிருந்த பிள்ளை நீலமானால் மட்டும் கதை வேறு: புரையேறி அடைத்திருக்கலாம், உடனே முதுகில் தட்ட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வரவில்லையென்றால் 108, கூடவே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும்.

இனி சாவிக்கொத்துக்கு வருவோம். அதைத் திணித்தவர் முழுக்கத் தப்பு செய்துவிடவில்லை. பிள்ளைக்கு இரும்பு வேண்டும்தான், ஆனால் ரத்தத்தில். மூச்சடைக்கும் பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை இருப்பதை மருத்துவர்கள் 1960-களிலேயே கவனித்தார்கள். ஜோர்டானில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வு விஷயத்தை உறுதியாக்கியது. 67 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு 16 வாரம் இரும்புச்சத்து மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத சிரப். இரும்பு குடித்தவர்களில் பாதிப் பேருக்கு மூச்சடைப்பு அறவே நின்றது. இன்னும் மூன்றில் ஒரு பங்கினருக்கு வெகுவாகக் குறைந்தது. வெறும் சிரப் குடித்தவர்களில் ஒருவருக்குக்கூட முழுக்க நிற்கவில்லை.

இது நம் வீட்டுக் கதையும்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7. மருத்துவ வசதியில் முன்னால் நிற்கும் மாநிலத்தில் இந்த எண் ஏறியிருப்பது வெட்கக்கேடு.

சென்னையின் தரமணி போன்ற இடத்தில் இதற்கு ஒரு தனிக் கோணம் உண்டு. தாயின் வயிற்றில் சேமித்த இரும்பு பிள்ளைக்குச் சுமார் ஆறு மாதம் வரைதான் தாங்கும். 2017 முதல் சட்டம் அம்மாவுக்குத் தரும் மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதுவும் ஆறு மாதம். மூச்சடைப்பு தொடங்கும் காலமும் அதுவே. ராஜீவ் காந்தி சாலை அலுவலகத்துக்கு அம்மா திரும்பும் வாரத்தில், பிள்ளை இட்லிக்கும் பருப்புச் சாதத்துக்கும் மாறுகிறது, பாதி வேளை பால் பாட்டிலிலேயே முடிகிறது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. சாப்பாட்டிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையும் அது குறைக்கும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. முருங்கைக்கீரை, பயறு, முட்டை, ஈரல் எல்லாம் நல்லவை. கீரையோடு நாலு சொட்டு எலுமிச்சை சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் ஏற்கெனவே குறைந்த இரும்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது, மருந்து வேண்டும். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னது சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம்.

தரமணியிலுள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் அமைப்பை 1958-இல் தொடங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, மினி ஹெல்த் சென்டர்கள் வழியாகப் பணியாளரை வீடு தேடி அனுப்பினார். ரத்தசோகை அப்படித்தான் பிடிபடும். நள்ளிரவு அவசரப் பிரிவிலோ எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் உதட்டு நிறத்தின் மீதே இருக்கும்.

பயத்தில் பெற்றோர் பிள்ளைக்கு அடங்கிப்போவதும் நடக்கிறது. “அழவிடாதீங்க, போனைக் கொடுத்துடுங்க” என்பது வீட்டுச் சட்டமாகிவிடும். கொஞ்ச நாளில் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். பசி, தூக்க நேரங்களைச் சமாளித்தால் பாதி அழுகை வராது. மீதிக்கு, ‘வேண்டாம்’ என்றது வேண்டாம்தான். அழுது ஓய்ந்ததும் சாதாரணமாக விளையாட்டைத் தொடருங்கள். காப்பகத்து ஆயாவிடம் முன்னரே விளக்கிச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்பே வந்தாலோ, தூக்கத்திலோ ஓடும்போதோ காரணமின்றி வந்தாலோ, மயக்கம் தெளிய நேரமானாலோ, குடும்பத்தில் இள வயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். வெளிறும் வகைக்கு எப்படியும் ஒரு இ.சி.ஜி. எடுப்பது நல்லது, அரிதாக, இதயத் துடிப்புக் கோளாறு இதே வேடத்தில் வரும்.

‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப் இலவசம். அங்கன்வாடியிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். அது தடுப்பதற்கான அளவு. ரத்தசோகை வந்துவிட்டால் எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தருவார், சில மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். மலம் கறுக்கும், பல்லில் கறை படியலாம், இரண்டும் போய்விடும். பாட்டிலை மட்டும் பிள்ளைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் இதே இரும்பு உயிருக்கு ஆபத்தான விஷம்.