பாஸ்போர்ட்டின் இரண்டு வரிகள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிரயாணம் புறப்படுவோர் திருச்சிராப்பள்ளி மண்டல அலுவலகத்தின் வாயிலாகப் பெறுகின்ற பாஸ்போர்ட், ஒரு காலத்தில், குமாஸ்தா கையால் விவரங்களை எழுதி, புகைப்படத்தைப் பசையால் ஒட்டி, முத்திரை பதித்துக் கொடுத்த புஸ்தகமாகவே இருந்தது. படத்தைப் பெயர்த்து வேறொன்றை ஒட்டுவது மோசக்காரர்களுக்குப் பெரிய வித்தையன்று.

ஆகவேதான், இயந்திரம் படிக்க இயலாத பாஸ்போர்ட்டுகள் 2015 நவம்பர் 24-க்குப் பின் புழக்கத்தில் இருக்கலாகாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் விதித்தது. இயந்திரம் படிப்பதற்கென்றே விவரப் பக்கத்தின் அடியில் புரியாத மந்திரம் போல் தோன்றும் இரண்டு வரிகளை நேயர்கள் கவனித்திருக்கலாம்; வரிக்கு 44 குறிகள் கொண்ட அவற்றில், பாஸ்போர்ட் எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் தனித்தனியே சோதனை இலக்கம் உண்டாதலால், ஓர் இலக்கத்தைத் திருத்தினாலும் கணக்கு உதைக்கும். அட்டையின் பொன்முத்திரையைக் காட்டிலும் இந்த எளிய கணிதமே அழகு என்பது நமது அபிப்பிராயம்.

2024 ஏப்ரலில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இ-பாஸ்போர்ட்டிலோ, அட்டைக்குள் பதித்த சில்லு, உரியவரின் விவரங்களை அரசின் மின்கையொப்பத்தோடு தாங்கியிருக்கிறது. முன்னட்டையில் தலைப்பின் கீழுள்ள சிறிய பொன்னிறச் சின்னத்தைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம்.