கதையும் சித்திரமும்

கதை கேட்க விரும்பாத குழந்தை இல்லை. எழுத்தறியாப் பருவத்திலேயே குழந்தையின் செவி கதையை நாடுகிறது; கண்ணோ படத்தை நாடுகிறது. இவ்விரு விருப்பங்களையும் ஒருங்கே நிறைவேற்றுவன படங்கள் நிறைந்த கதைநூல்கள். அவை வளர்ந்த வரலாறு அறிந்து மகிழத்தக்கது.

ஜெர்மனி நாட்டில் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் உடன்பிறந்தார் இருவர் வாழ்ந்தனர். இருவரும் மொழியாராய்ச்சியில் வல்லவர்கள். மக்களிடையே வாய்மொழியாக வழங்கிவந்த பழங்கதைகள் காலப்போக்கில் மறைந்தொழியுமோ என அவர்கள் கவலையுற்றனர். ஆதலால், கதை சொல்ல வல்லார் பலரிடம் கேட்டு, அவற்றை எழுதித் தொகுத்தனர். முதல் தொகுதி 1812-ஆம் ஆண்டிலும், இரண்டாம் தொகுதி 1815-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டிலும் சேர்த்து 156 கதைகள் இருந்தன. ஆயினும், கதைகளை விளக்கும் படம் ஒன்றேனும் இல்லை. அறிஞர்க்குரிய ஆராய்ச்சிக் குறிப்புகளே இருந்தன. நூல் மெல்லவே விற்பனையாயிற்று. மறைந்துபோகாமல் காத்த கதைகள் அறிஞர்களின் அலமாரியிலேயே தங்கிவிடும் போலத் தோன்றின.

இந்நிலையில், 1823-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் அக்கதைகளுள் சில ஆங்கில நூலாக வெளிவந்தன. அவற்றை மொழிபெயர்த்தவர் எட்கர் டெய்லர் என்னும் வழக்கறிஞர். நகைச்சுவைச் சித்திரங்களால் புகழ்பெற்ற ஜார்ஜ் குரூக்ஷாங்க் அந்நூலுக்குப் படம் வரைந்தார். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அக்கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்து அச்சிடும் முறையில் அப்படங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளியின் கதைக்கு உரியது. இரவில் வந்து உதவிய குள்ளர் இருவர், தமக்கென வைக்கப்பட்ட புத்தாடைகளை அணிந்து களிக்கின்றனர்; தொழிலாளியும் அவர் மனைவியும் மறைந்து நின்று அதனைக் காண்கின்றனர். இத்தகைய படங்களைக் கண்ட ஆங்கில மக்கள் அந்நூலை விரும்பி வாங்கினர்.

இச்செய்தி கிரிம் உடன்பிறந்தார்க்கு எட்டியது. அவர்கள் தம் கதைகளுள் ஐம்பதை மட்டும் தேர்ந்தெடுத்தனர்; ஆராய்ச்சிக் குறிப்புகளை நீக்கினர்; தம்பி லுட்விக் வரைந்த ஏழு படங்களைச் சேர்த்து, 1825-ஆம் ஆண்டில் சிறுநூலாக வெளியிட்டனர். அண்ணன்மார் இருவரும் வாழ்ந்த காலத்திலேயே அது பத்துப் பதிப்புகளைக் கண்டது. அறிஞரின் நூல் குழந்தைகளின் நூலாயிற்று.

வண்ணப் படங்கள் எளியோர்க்கும் கிடைக்கும் காலம் அதன்பின் வந்தது. முன்னாளில் ஒவ்வொரு படிக்கும் கையால் வண்ணம் தீட்டுவர். ஆதலின் விலை மிகுந்திருந்தது. எட்மண்ட் எவன்ஸ் என்னும் ஆங்கில அச்சுத்தொழில் வல்லுநர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு மரக்கட்டை செதுக்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் பதித்தார். இம்முறையில், 1865-ஆம் ஆண்டு முதல், வால்டர் கிரேன் வரைந்த சிறு கதைநூல்கள் ஆறு பென்ஸ் விலைக்கு விற்கப்பட்டன.

ஒரே கதைத் தொகுதியை ஓவியர் பலர் பலவாறு காண்பர். கிரிம் கதைகளில் குரூக்ஷாங்க் நகைச்சுவையைக் கண்டார். அக்கதைகளுக்கு 1909-ஆம் ஆண்டில் வண்ணப் படம் வரைந்த ஆர்தர் ரேக்கமோ, முறுக்கேறிய மரங்களாலும் வேர்களாலும் காட்டின் அச்சத்தையும் வியப்பையும் புலப்படுத்தினார். இருவர் கண்டதும் உண்மையே. எனினும், கதையின் பொருள் அவ்விரண்டோடு முடிந்துவிடவில்லை.

மாணவர்களே! படம் கதைக்குள் நுழையும் வாயில், அதுவே வீடன்று. ஓவியர் வரைந்ததைக் கண்டு மகிழுங்கள். பின்னர், நூலை மூடிவைத்து, உங்கள் மனக்கண்முன் எழும் படத்தையும் காணுங்கள். அப்படத்தை உங்களையன்றி வேறு எவரும் வரைய இயலாது.