தீவுக்குப் புறப்படுமுன் காற்றைக் கேளுங்கள்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்தத் தடவை எங்கே போகலாம்?" பிள்ளைகள் கடல் என்பார்கள். பெரியவர்கள் கூட்டமில்லாத இடம் என்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? யாழ்ப்பாணத் தீவுகளின் பெயர் இப்படித்தான் பல வீடுகளில் அடிபடுகிறது. நெடுந்தீவில் குதிரைகளைப் பார்க்கலாம், நயினாதீவுக்குப் படகில் போகலாம், அனலைதீவில் பனை நிழலில் ஒரு பகல் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறோம். வாகனம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். எந்த மாதத்தில் போவது என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. "வெப்ப நாட்டுத் தீவுதானே, வருடம் முழுவதும் ஒரே வெயில்தானே!" என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு குடம் தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தாரோடு அனலைதீவுக்குப் போனேன். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகு ஏறினோம். கரையை விட்டு விலகியதும் காற்று படகைப் பிடித்து ஆட்டியது. மனைவியும் சின்ன மகளும் வாந்தி எடுத்தார்கள். தீவில் இறங்கியபோதே கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்திருந்தது. வெயிலில் சுற்றியதில் மீதியும் தீர்ந்தது.

லுஹர் தொழ வேண்டும். ஒரு வீட்டு வாசலில் நின்று, கைகால் கழுவத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். வயதான ஓர் அம்மா மூடி வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். நாங்கள் ஆறு பேர். வுழூச் செய்து முடித்தபோது குடத்தின் அடி தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு, "உங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி அம்மா" என்றேன்.

"இது கிணத்துத் தண்ணி இல்லை ஐயா. கிணறு இப்ப உவர். இது குடிக்க எண்டு தூரத்தில இருந்து எடுத்து வச்சது. பரவாயில்லை, நீங்கள் தொழத்தானே கேட்டனீங்கள்" என்றார் அவர்.

எனக்குப் பேச்சு வரவில்லை. குடிப்பதற்கு மட்டுமே தண்ணீர் உள்ள இடத்தில் அதைக் குடிப்பவர்களுக்கு விட்டுவிட்டுத் தயம்மும் செய்துகொள்ளலாம் என்பது மார்க்கச் சட்டம். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். அன்று அந்தப் பாடம் கிதாபிலேயே தங்கிவிட்டது! தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. ஊர் திரும்பிய பின்னர்தான் தீவின் காற்றையும் மழையையும் கிணற்றையும் பற்றி விசாரித்து அறிந்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரண்டு காற்றுகளுக்கு நடுவே

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, ஆழம் குறைந்த கடலில் இத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வேலணையும் புங்குடுதீவும் தரைப்பாதையால் யாழ்ப்பாணத்தோடு இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து படகு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கள் ஊர்ப் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினார்கள். அனலைதீவு அவர்களுக்கு ரொட்டர்டாம்! அந்தப் பெயர் மறைந்துவிட்டது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது.

தீவில் வெயிலின் அளவு அதிகம் மாறுவதில்லை என்பது உண்மைதான். ஜனவரி இரவுகளில் 22, 23 பாகை செல்சியஸ். ஏப்ரல், மே பகல்களில் 33, 34 பாகை. சுற்றிலும் கடல் இருப்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மாறுவது காற்றும் மழையும். தீவு மக்கள் ஆண்டைக் காற்றைக்கொண்டுதான் பிரிக்கிறார்கள். ஒன்று வாடை, மற்றது சோளகம். வானிலைத் திணைக்களத்தார் இவற்றை வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று என்பார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது சோளகம். இதே காற்றுத்தான் நாட்டின் தென்மேற்கில் மழையைக் கொட்டுகிறது. காலியும் இரத்தினபுரியும் நனையும்போது அனலைதீவில் ஏன் மண் பறக்கிறது? காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. வடக்கே வரும்போது அது வறண்ட காற்று. தட்டையான தீவில் அதைத் தடுத்து மேலே தூக்கி மழையாக்க ஒரு குன்று கூட இல்லை. ஆகவே சோளகம் இங்கே மண்ணை உலர்த்தும், அலையை எழுப்பும். மழை தருவது அரிது.

மழை வருவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கொழும்பில் பெய்வதில் இது பாதியளவுதான். அதிலும் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையை நம்பித்தான் நெல் விதைக்கிறார்கள். தை பிறக்கும்போது அறுவடை, பிறகு பனங்கிழங்கு. அடுத்து வரும் எட்டு, ஒன்பது மாதங்களும் இந்த மூன்று மாத மழையை வைத்தே வாழ வேண்டும். மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே கையில் வாங்கிக் கடைசி நாள்வரை இழுத்துப் பிடிக்கும் குடும்பத் தலைவிக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

இம்மாதங்களில் வங்கக் கடலில் தாழமுக்கமும் புயலும் உருவாகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்று அண்மை ஆண்டுகளிலும் புயல்கள் வந்தன.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இந்த மாரிக் காலம் வேறொரு நினைவையும் தரும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது மாரி தொடங்கும் காலத்தில்தான். கையில் குழந்தையோடு புத்தளம் வந்து ஓலைக் கொட்டிலில் தங்கிய தாய்மார்களுக்கு, வானம் கறுத்தால் என்ன பொருள் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கிணற்றின் இரகசியம்

இத்தீவுகளில் ஆறு கிடையாது. தரைக்குக் கீழே சுண்ணாம்புக் கல். பெய்யும் மழை அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுக் கனமானது. ஆகவே கறிக்கு மேல் எண்ணெய் நிற்பதுபோல் நன்னீர் மேலே நிற்கிறது. நடுவில் தடித்து, கரையோரம் மெலிந்து, கண்ணாடி வில்லை போன்ற வடிவத்தில் அது இருக்கும்.

இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடோன் கைபெனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது அது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் திருப்பிப் பாருங்கள்! மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறி வரும். வாளியால் மெல்ல அள்ளும்வரை கிணறு தாங்கும். இயந்திரம் வைத்து இறைத்தால் உவர் முந்திக்கொள்ளும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு பழைய நிலைக்குத் திரும்ப நல்ல மாரிகள் சில வர வேண்டும்.

இப்போது ஓகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மழை நின்று பல மாதங்கள். சோளகம் உலர்த்திய மண். கிணற்றில் நீர் தாழ்ந்து உவர்ப்பு ஏறும் காலம். நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தோடும் கானோடும் நடக்கும் காலம். அந்த நேரத்தில்தான் நமக்கு விடுமுறை! நெடுந்தீவின் குதிரைகளும் தண்ணீரின்றிச் சாவது இத்தகைய வறட்சியில்தான்.

உலகம் சூடாவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மலைநாட்டில் இருப்பவருக்கு ஒரு சாண் உயரம் பெரிதாகத் தோன்றாது. கடலோடு ஒட்டிய தரையில் கிணறு வைத்திருப்பவருக்கு அந்த ஒரு சாண் வாழ்க்கைப் பிரச்சினை.

எரிக்கும் வெயிலும் உலர்த்தும் காற்றும் ஒரு நன்மையையும் வைத்திருக்கின்றன. நீண்ட காலம் டீசல் இயந்திரத்தால் மின்சாரம் பெற்று வந்த அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்க, இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரியனிலிருந்து 1,700 கிலோவாட், காற்றிலிருந்து 530 கிலோவாட் என்பது திட்டம். துன்பம் தரும் அதே காற்றில் விளக்கெரியவும் வழி இருக்கிறது!

எப்போது போகலாம்?

ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கிணறுகள் நிறைந்திருக்கும், வெயில் கடுமையாகாது. போகும் வழியில் மண்டைதீவுப் பக்கம் களப்பில் பூநாரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மார்ச்சில் கடலும் அடங்கியிருக்கும்.

ஏப்ரலில் கடல் அமைதி, ஆனால் மாத நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நண்பகல் 11 முதல் 3 மணிவரை குழந்தைகளையும் வயதானவர்களையும் நிழலைவிட்டு வெளியே கொண்டுவராதீர்கள். நுங்கு கிடைக்கும் காலம், வாங்கிக் கொடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை சோளகம். படகு ஆடும். போக வேண்டியிருந்தால் காலையில் முதல் படகில் போங்கள். குடிக்க, கழுவ, வுழூவுக்கு என்று எல்லாத் தண்ணீரையும் நீங்களே கொண்டுபோங்கள்.

செப்டெம்பர் கடைசியில் காற்று தணியும். ஆனால் கிணறுகள் மிகவும் வற்றியிருக்கும் காலமும் அதுவே. அப்போதும் தண்ணீர் உங்கள் பொறுப்பு.

நவம்பரிலும் டிசம்பரிலும் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் புறப்படாதீர்கள். படகு நின்றால் நின்றதுதான். ஒரு நாள் அதிகம் தங்க நேரலாம் என்று மருந்தும் பால்மாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படகோட்டி "இன்று வேண்டாம்" என்றால் அவரோடு வாதாடாதீர்கள்.

"நாங்கள் பெருநாள் விடுமுறையில்தான் போவோம்" என்கிறீர்களா? நமது மாதங்கள் பருவத்தோடு ஒட்டி நிற்பதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். 2025இலும் 2026இலும் நோன்புப் பெருநாள் மார்ச்சில் வந்தது, தீவுக்கு ஏற்ற நேரம். 2036 அளவில் அதே பெருநாள் நவம்பர் மழையில் வரும். பிறை தேதியோடு காற்றின் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

கறுப்புத் துணி வெயிலை உறிஞ்சும். மறைவு குறையாத வெளிர்நிறப் பருத்தி அபாயா தீவுக்கு ஏற்றது. படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் வெட்கப்படாமல் அபாயாவின் மேலேயே அணிந்து, வாரை இறுக்குங்கள், பிள்ளைகளுக்கும் அணிவியுங்கள். வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், வயிறு நிறையத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை நமக்கு இருக்கிறது. பயண தூரம் அதற்குப் போதுமானதா என்று புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நயினாதீவில் பள்ளிவாசலும் உண்டு. காலிப் போத்தல்களையும் குழந்தையின் அணையாடைகளையும் தீவில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே மண்ணில் புதைப்பது எல்லாம் கடைசியில் யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

மறுமுறை நாங்கள் பெப்ரவரியில் போனோம். ஆளுக்கு 5 லீற்றர் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். என் மனைவி அதே வீட்டைத் தேடிப் போய், நிரம்பிய கான் இரண்டை வாசலில் வைத்தாள். அந்த அம்மா சிரித்தார். "இப்ப எங்கட கிணத்தில நல்ல தண்ணி இருக்குது பிள்ளை. நீங்கள் குடியுங்கோ" என்று துலாவை இறக்கி அள்ளித் தந்தார்.

அன்று அந்தத் தண்ணீரின் ருசியை நான் புகழ்ந்தது பொய்யாகவில்லை. மாதம் மட்டும்தான் பிழைத்திருந்தது.

நீங்கள் போகும்போது மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், சகோதரிகளே! தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் உங்கள் தண்ணீரை நீங்களே சுமந்து செல்லுங்கள். விருந்தாளிக்கு மறுக்கத் தெரியாத மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் மறுக்காததால், நாம்தான் கேட்காமல் இருக்கப் பழக வேண்டும்.